மீன் பெட்டி சுமப்பவர் எந்தப் பட்டியலில்?

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குக் காலையில் மோட்டார் சைக்கிளில் மீன்காரர் வருவார். "மாளு... மாளு..." என்ற குரல் கேட்டதும் சட்டியோடு கேற்றடிக்குப் போவோம். பின்னால் கட்டிய பெட்டியில் ஐஸுக்குள் சூடை, பாரை, அறக்குளா. பெட்டியின் மூடிதான் வெட்டும் பலகை. 2020 ஒக்டோபர் கடைசியில் அந்தக் குரல் நின்றது. திரும்பி வந்தபோது கேற்றுகள் திறக்கவில்லை. "பேலியகொடை மீனோ?" என்று யன்னலுக்குள் நின்றே கேட்டோம். நானும் கேட்டேன். "ஐஸ் கரையுது, அம்மா" என்று மட்டும் சொன்னார்.

2020 ஒக்டோபர் 21ஆம் திகதி பேலியகொடை மத்திய மீன் சந்தையில் 49 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. சந்தை மூடப்பட்டது. கொட்டாஞ்சேனையிலும் அயல் பொலிஸ் பிரிவுகளிலும் ஊரடங்கு வந்தது. நாட்டின் பெரிய மொத்த மீன் சந்தைக்குப் பூட்டு விழுந்ததும், கரைக்கு வந்த மீனை வாங்க ஆளில்லை. சனத்தின் பயத்தைப் போக்க, நவம்பர் 17ஆம் திகதி முன்னாள் இராஜாங்க அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகங்களின் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

படகுக்காரர் பட்ட நட்டம் பெரிது. ஆனால் படகுக்குப் பதிவு இலக்கம் உண்டு. மீனவருக்கு 1990இலேயே ஓய்வூதியச் சட்டம் வந்தது. பெட்டி சுமக்கும் நாட்டாமை, ஐஸ் உடைப்பவர், மீன் வெட்டுபவர், தெருத்தெருவாக விற்பவர் ஆகியோரில் பலரிடம் இதுதான் என் தொழில் என்று காட்ட ஒரு துண்டும் இல்லை. வேலை கம்பஹா மாவட்டத்துப் பேலியகொடையில். குடியிருப்பு கொழும்பு மாவட்டத்துக் கொட்டாஞ்சேனையில், முகத்துவாரத்தில். நிவாரணம் என்று வந்தால் இவர்களுக்காக எந்தப் பிரதேச செயலகம் பேசும்?

கொரோனாவோடு அடி நிற்கவில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. மேற்குக் கரையில் மீன்பிடி தடைப்பட்டது. 2022 ஓகஸ்டில் வள்ளங்களை ஓட்டும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. வள்ளம் கரையில் கிடந்த ஒவ்வொரு நாளும் நாட்டாமைக்கும் கூலி இல்லை.

கடற்றொழில் அமைச்சு செய்ய வேண்டியவை நான்கு. சந்தைத் தொழிலாளரையும் தெரு வியாபாரிகளையும் பதிந்து அடையாள அட்டை கொடுங்கள். மத்திய சந்தை மூடப்பட்டால் அன்றே திறக்கக்கூடிய மாற்று இடங்களை இப்போதே குறித்து வையுங்கள். விற்காத மீனை மீன்பிடிக் கூட்டுத்தாபனம் அடிப்படை விலைக்கு வாங்கிக் குளிரூட்டிச் சேமிக்கட்டும். நோய் வந்த அன்றே, எது ஆபத்து, எது இல்லை என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுங்கள்.

வாசகர்களே, உங்கள் ஒழுங்கைக்கு வரும் மீன்காரரிடம் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவருக்காக உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். அன்று கேற்றைச் சாத்திய நாங்கள் இதையாவது செய்ய வேண்டும்.