வேட்டைக் கத்தி: கண்ணுக்கா, கைக்கா?



சம்பளம் போட்ட மறுநாள், பாசார் மாலாமில் கத்திக் கடையைச் சுற்றி நம் தோட்டத்து இளைஞர்கள் மொய்த்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். முழ நீளக் கத்தி, முதுகில் ரம்பப் பல், பிடிக்குள்ளே திசைகாட்டி! "வேட்டைக்குன்னா இதுதான் தம்பி" என்கிறார் கடைக்காரர். தம்பியும் எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார். அதைக் கொண்டு ஒரு கோழியைக்கூட ஒழுங்காகச் சுத்தம் பண்ண முடியாது என்பது பிறகுதான் தெரிகிறது.

2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. 26 நாளால் வகுத்தால் நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். சிறு வேட்டைக்குக் கத்தி வாங்குகிறவர் இந்த ஒரு நாள் கூலியைத் தாண்ட வேண்டாம் என்பதே நம் கருத்து. அதற்குள் நல்ல கத்தி கிடைக்கும்; எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

முதலாவது, அளவு. காட்டுக்கோழி, ருவாக்-ருவாக் போன்றவற்றுக்கு 3 முதல் 4 அங்குலம் தாராளம். அதைவிட நீண்டால் நுனி குடலைக் கிழிக்கும். கறி நாறிப் போகும். பாராங் புதர் வெட்ட, பால்வெட்டுக் கத்தி பட்டை சீவ. இரண்டும் இந்த வேலைக்கு உதவா.

இரண்டாவது, மடக்குக் கத்தி வேண்டாம். ரத்தமும் இறகும் மூட்டுக்குள் புகுந்துகொண்டால் கழுவ முடியாது. பூட்டு நழுவினால் கத்தி நம் விரல்மேலேயே மடங்கும். இரும்பு பிடியின் கடைசிவரை ஓடி, ஆணி அடித்து இறுக்கிய கத்தியே உறுதியானது. பிடியை நாலு விரலும் சுற்றிப் பிடிக்க வேண்டும். ஈரக் கையிலும் வழுக்கக் கூடாது.

மூன்றாவது, இரும்பு. சாதாரண கார்பன் எஃகு விலை மலிவு, சுலபமாகத் தீட்டலாம். ஆனால் ரத்தம் பட்டால் துருவேறும். கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் துருப்பிடிக்காத எஃகு வாங்கலாம். எதுவானாலும் மழுங்கவிடக் கூடாது. மழுங்கின கத்தியை அழுத்தும்போதுதான் அது வழுக்கிக் கையை வெட்டுகிறது. பால் வெட்டுகிறவர்களுக்குத் தீட்டக் கற்றுக் கொடுக்கவா வேண்டும்?

நான்காவது, உறை. குனிந்தாலும் ஓடினாலும் கத்தி நழுவாத கெட்டியான உறை இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

இவ்வளவும் ஏன் சொல்கிறோம்? நமக்குச் சோறு போடுவது இந்த விரல்கள். ஞாயிற்றுக்கிழமை அறுபட்ட விரல் திங்கட்கிழமை மரம் வெட்டாது. செம்பனைக் குலையும் தள்ளாது. சின்னக் காயந்தானே என்று விடவும் கூடாது. விலங்கின் மூத்திரம், ஈரச் சேறு இவற்றிலிருந்து காயத்தின் வழியாக எலிக் காய்ச்சல் கிருமி புகும். சோப்புப் போட்டுக் கழுவி, உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். தீபகற்பத்தில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. காட்டுக்கோழிக்கும் முள்ளம்பன்றிக்கும் உரிமம் வேண்டும். எறும்புத்தின்னியைத் தொடவே கூடாது. கண்ணி வைப்பதும் குற்றம். சந்தேகம் இருந்தால் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு டவுனுக்குப் போகிற பழக்கமும் வேண்டாம். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால், 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறையும் பிரம்படியும் உண்டு. "வேட்டைக்கு வச்சிருந்தேன் சார்" என்ற பேச்சு காப்பிக் கடை வாசலில் எடுபடாது.

கத்தியின் அழகை மெச்சுகிறவர்கள் மெச்சட்டும். நீங்கள் சின்னதாக, உறுதியாக, கைக்கு அடக்கமாக வாங்குங்கள். வேலை முடிந்ததும் கழுவி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பத்து விரலோடு காட்டுக்குப் போனவர் பத்து விரலோடு வீடு திரும்ப வேண்டும்!