இரு மாநிலத்துக் கணக்கிலும் இல்லாத குழந்தைகள்



ஸ்ரீராமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் குடியிருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தலைப்பிரசவம் எங்கே நடக்கிறது? வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு போகிறார்கள். பிள்ளை பிறப்பது தருமபுரியில், திருப்பத்தூரில், திருவண்ணாமலையில். மூன்று மாதம் கழித்துத் தாயும் பிள்ளையும் பெங்களூர் திரும்புகிறார்கள். வழக்கத்தில் குற்றமில்லை. ஆனால் இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளைக்கு அந்த மூன்று மாதம் உயிர்க்காலம்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் அப்படி ஒரு குழந்தை. பால் குடிக்கும்போதே நெற்றி வியர்க்கும். இரண்டு வாய் குடித்துவிட்டு இளைக்கும். கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் தாய் சம்பளத்தை இழந்து மூன்று இடங்களுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஓரிடத்தில் சளி என்றார்கள். இன்னோரிடத்தில், "பிறந்தது எங்கே, கார்டு எந்த மாநிலம்?" என்று கேட்டார்கள். இதயக் கோளாறு என்று தெரிந்த வாரமே பிள்ளை போய்விட்டது. சான்றிதழில் நிமோனியா என்று எழுதினார்கள். அந்தப் பிள்ளை எந்த மாநிலத்தின் இதயநோய்க் கணக்கில் சேர்ந்தது?

நம் நாட்டில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் குழந்தைகளுக்கு மேல் இதயக் கோளாறோடு பிறப்பதாகவும், அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு முதல் வயதுக்குள்ளேயே சிகிச்சை தேவை என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது மதிப்பீடு, தலை எண்ணிச் சொன்ன கணக்கல்ல. தாலிடோமைடு மாத்திரையால் கைகால் இல்லாமல் குழந்தைகள் பிறந்த கொடுமை 1961-ல் வெளிப்பட்ட பிறகுதான் மேல்நாட்டார் விழித்தார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1967 முதல் பிறவிக் குறைகளைப் பதிவு செய்கிறார்கள்.

நம் ஊரில் முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1980-க்கும் 1989-க்கும் இடையில் பெங்களூரிலும் மைசூரிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகளை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பெற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஜோடி உறவுக்குள் மணந்தவர்கள் என்று கண்டார்கள். உறவுத் திருமணத்தில் இதயக் கோளாறுக்கு வாய்ப்புக் கூடும் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. (நானும் மாமன் மகளைக் கட்டியவன்தான், யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை.)

2013-ல் மத்திய அரசு குழந்தைகள் உடல்நலத் திட்டம் கொண்டுவந்தது. பிறவி இதயக் கோளாறும் அதன் பட்டியலில் இருக்கிறது. கேரளம் 2017-ல் 'ஹிருதயம்' திட்டம் தொடங்கி, பிள்ளையின் பெயரைப் பதிந்து, அவசரத்தைப் பார்த்து வரிசைப்படுத்தி, இலவசமாக அறுவை செய்விக்கிறது. அங்கே பதிவே சிகிச்சைக்கு வாசல். நமக்கோ ஓசூர் தாண்டினால் பழைய காகிதத்துக்கு மதிப்பில்லை.

நான் ரயில்வே குமாஸ்தா. ஒரு சரக்கு வேகன் ஒரு மண்டலத்திலிருந்து அடுத்த மண்டலத்துக்குப் போனால் அதன் நம்பர் கூடவே போகும். காணோம் என்றால் பதில் சொல்ல ஆள் உண்டு. நிலக்கரி ஏற்றும் வேகனுக்கு உள்ள மரியாதை தொழிலாளி பெற்ற பிள்ளைக்கு இல்லையா? பிறந்த இடத்தில் போட்ட பதிவு வளரும் இடத்திலும் செல்ல வேண்டும். கார்டு பார்த்துச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. இதை இரண்டு அரசுகளிடமும் சங்கம் எழுதிக் கேட்க வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் போடுவோம். பால் குடிக்கையில் வியர்த்து இளைக்கும் பிள்ளை, எடை ஏறாத பிள்ளை, உதடு நீலம் பாயும் பிள்ளை இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டி இதய ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். பிறகு கிளைக்கு வந்து சொல்லுங்கள். பெயர் வேண்டாம். பிறந்த மாதம், பிறந்த ஊர், எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினீர்கள் என்பது போதும்.