நாங்கல்லாம் லோக்கலாம்ல...

மொதல்ல ஒரு சின்ன சோதனை. பெசண்ட் நகர்ல பொறந்து, அங்கயே படிச்சு, சாயங்காலம் எலியட்ஸ் பீச்சை விட்டா வேற எங்கயும் போகாத ஒருத்தரை 'ரொம்ப லோக்கலான ஆளு'ன்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதே இல்ல. ஆனா ஆவடியில பொறந்தவன் பெங்களூரு, ஜெர்மனின்னு சுத்திட்டு வந்து "இன்னாபா"ன்னு வாயைத் தொறந்தாப் போதும். லோக்கல்!

நகராதவர் லோக்கல் இல்ல, நாடு சுத்தினவன் லோக்கல். அப்போ இந்த வார்த்தைக்கும் இடத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

லத்தீன்ல லோகஸ்னா இடம். அங்கேருந்து வந்த சொல் இது. இடம் சார்ந்த, உள்ளூர், அவ்ளோதான். வெள்ளைக்காரன் தன் தெருமுனை மதுக்கடையை 'என் லோக்கல்'னு பாசமா சொல்றான். பல் புடுங்கறப்ப டாக்டர் லோக்கல் ஊசி போட்டா யாரும் கோவிச்சுக்கறதில்ல. நம்ம பொழப்புல கேக்கவே வேணாம். குளோபல் வேரியபிள் ஆபத்து, முடிஞ்ச வரை லோக்கலா வச்சுக்கன்னு காலேஜ்லயே சொல்லிக் குடுத்துடறாங்க. டெஸ்டிங்ல பக் வந்தா நாம எல்லாருமே சொல்ற மொத வசனம் 'என் லோக்கல்ல ஓடுதே' :-)

நம்மூர்ல இதுக்கு இன்னும் நாலஞ்சு அர்த்தம் உண்டு. 'லோக்கல்லதான் இருக்கேன்'னா வெளியூர் போகல. 'அவர் லோக்கல் ஆளு'ன்னு குரலைத் தாழ்த்திச் சொன்னா, பகைச்சுக்காதே. 'லோக்கல் மேக்'னா தரமில்லாத சாமான். இதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். என் சண்டை அந்தக் கடைசி அர்த்தத்தோட. மனுஷனைப் பார்த்து, முகத்தைச் சுளிச்சுச் சொல்ற 'லோக்கல்'.

என்கூட வேலை பார்த்த ஒரு பையன், பட்டாபிராம் பக்கம். கோடு எழுதினா ரிவ்யூல கமெண்ட் போட இடம் இருக்காது. ஆன்சைட் பட்டியல்ல ரெண்டு தடவை பேர் வந்து ரெண்டு தடவையும் காணாமப் போச்சு. காரணம் கேட்டதுக்கு மேனேஜர் சொன்னது: "ஆளு ஓகே, ஆனா கொஞ்சம் லோக்கல்." இங்கிலீஷ் தப்பா பேசறானான்னு கேட்டோம். இல்லையாம். கிளையண்ட் ஏதாவது சொன்னாரா? இல்லையாம். பின்ன என்ன? "அதான்பா... புரியுதுல்ல?"

புரியுது சார். நல்லாவே புரியுது. ஆபீஸ்ல உக்காந்து என்ன ஜாதின்னு கேக்க முடியாது. அப்பா என்ன வேலை பாக்கறாருன்னு கேட்டா அசிங்கம். எந்தத் தெரு, சொந்த வீடா, ஹவுசிங் போர்டான்னு விசாரிக்க முடியாது. இத்தனை கேள்வியையும் கேக்காமலே பதிலை மட்டும் எழுதிடறதுக்கு ஒரு வார்த்தை வேணுமே, அதுதான் இது. இங்கிலீஷ்ல இருக்கறதால நாகரிகமாவும் தெரியும். இதுக்கு ஜோடி வார்த்தை 'டீசண்ட்'. வாடகைக்கு வீடு தேடினவங்களுக்கு அதோட அர்த்தம் நான் சொல்லணுமா என்ன.

பேச்சுதான் பிரச்சனைன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 'வந்துகொண்டு'ங்கறதை ஒருத்தர் 'வந்துண்டு'ங்கறார், இன்னொருத்தர் 'வந்துக்கிட்டு'ங்கறார், நாங்க 'வந்துகினு'ங்கறோம். மூணுமே அதே 'கொண்டு' தேஞ்சு வந்ததுதான். ஆனா மொதல்ல சொன்னது ஆச்சாரம், ரெண்டாவது மண்வாசனை, எங்களது மட்டும் லோக்கல்! நெல்லைத் தமிழ் இனிக்குதாம், கோவைத் தமிழ்ல மரியாதை வழியுதாம். சரி, இருக்கட்டும். அந்த ஊர்லருந்து வந்து இங்க குடியேறினவர், இந்த ஊர்க்காரன் பேச்சைக் கேட்டு 'லோக்கலா இருக்கே'ன்னா, வேற எப்படி சார் இருக்கும்? இது அவன் ஊரு!

அதுலயும் கூத்து என்னன்னா, தமிழ்நாட்டுலயே ரொம்ப ஊர் சுத்தின பாஷை மெட்ராஸ் பாஷைதான். பேமானி, பேஜார், நாஸ்தா எல்லாம் பாரசீகத்துலருந்து உருது வழியா வந்தது. டப்பு தெலுங்கு. துட்டு டச்சுக்காரன் காசுப் பேரு. கஸ்மாலம் சுத்தமான சமஸ்கிருதம், கீதை ரெண்டாம் அத்தியாயத்துல கிருஷ்ணரே அர்ஜுனன்கிட்ட சொல்ற வார்த்தை. துறைமுகத்துல இறங்கின உலகத்தையே வாயில போட்டுக்கிட்டவனுக்குப் பேரு லோக்கல். என்ன கொடும சார் இது!

எங்க பக்கத்து ஊர்களையும் கொஞ்சம் பாத்துடுவோம். தென்னிந்தியாவோட மொத பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ல ராயபுரத்துலருந்து வாலாஜா ரோடு போச்சே, ஆவடி அந்தப் பாதையிலதான் இருக்கு. 1955 ஜனவரியில காங்கிரஸ் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம்தான் லட்சியம்னு தீர்மானம் போட்டது இதே ஆவடியில. அந்த ஆவடிக்கு, ராணுவ டிப்போவோட இங்கிலீஷ் பேரைச் சுருக்கினதுதான் ஊர்ப்பேருன்னு ஒரு கதை வாட்ஸப்ல சுத்துது. ஆதாரம் காட்டின ஆளை நான் பார்த்ததில்ல. ஊருக்குக்கூட இங்கிலீஷ்ல ஒரு அப்பன் இருந்தாத்தான் கௌரவம் போல. அர்ஜுன் டாங்கி செய்யறதும் ஆவடியில, அதுவும் லோக்கல் மேக்தான். 1949ல ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூர்ல செஞ்ச ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் ஓட்டாத தெரு தமிழ்நாட்டுல உண்டா?

அதுக்கும் முன்னாடி போனா, பாடியையும் திருவேற்காட்டையும் சம்பந்தர் பாடினார், திருமுல்லைவாயிலை சுந்தரர் பாடினார். ராமானுஜர் குருவா மதிச்ச திருக்கச்சி நம்பி பூந்தமல்லிக்காரர். ஒவ்வொரு சாமியையும் ஒரு ஊரோட சேத்துப் பாடின மரபு இது. நம்ம சாமியே லோக்கல்தாங்க.

இடத்தைச் சொல்ற வார்த்தை வசவா மாறறது புதுசும் இல்ல. சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுல பிராமணர் குடியிருப்போட பகுதிகளுக்கே 'சேரி'ன்னுதான் பேரு. இன்னிக்கு அந்தச் சொல்லை யாரை நோக்கி வீசறாங்கன்னு தெரியும். இங்கிலீஷ்லயும் பண்ணையில உழைச்சவனைக் குறிச்ச சொல்லுதான் தேஞ்சு தேஞ்சு 'வில்லன்' ஆச்சு. எந்த மொழியிலயும் வார்த்தை தானா கெட்டுப் போகல. வசதியானவங்க வாயிலதான் கெட்டுப் போச்சு. 'உள்ளூர் மாடு விலை போகாது'ன்னு பழமொழியும் வச்சிருக்கோம், அதனால இங்கிலீஷை மட்டும் குத்தம் சொல்ல வரல.

'இப்போ பசங்க பெருமையாத்தானே சொல்லிக்கறாங்க, மாரியில தர லோக்கல்னு பாட்டே வந்துச்சே, மிஸ்டர் லோக்கல்னு படமே வந்துச்சே'ம்பீங்க. 2015லயும் வந்துச்சு, 2019லயும் வந்துச்சு. நானும் விசிலடிச்சேன். ஹீரோ சொன்னா கெத்து. அதையே ஹெச்.ஆர். ரவுண்டுல எங்க பையன் சொல்லிப் பாக்கட்டும்.

அப்ரைசல் எழுதற அண்ணன்மாரே, அக்காமாரே! பையன் வேகமா பேசறான்னா வேகமா பேசறான்னு எழுதுங்க. மெயில்ல தப்பு இருந்தா எந்த வரின்னு காட்டுங்க. ராத்திரியோட ராத்திரியா திருத்திக்குவான். 'லோக்கல்'னு எழுதினா அவன் எதைத் திருத்தறது? பட்டாபிராமையா?