ராமர் பேசின இங்கிலீஷ்!

வைவா, குரூப் டிஸ்கஷன்னு சொன்னாலே வயித்துக்குள்ள மிக்ஸி ஓடுதா? சங்கரன்கோவில்ல இருந்து நெல்லைக்கும் மதுரைக்கும் பஸ் ஏறிப் போய் இன்டர்வியூல உக்காருற நம்ம பசங்களுக்கு, பயம் சப்ஜெக்ட்ல இல்ல. வாயைத் திறந்தா ஊர் தெரிஞ்சிடுமேங்கறதுலதான். அவங்களுக்காகவே இந்த வாரம் ஒரு ஜப்பான் கார்ட்டூன் கதை.

2025 ஜனவரி 24-ம் தேதி 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' நம்ம நாட்டுத் தியேட்டர்களுக்கு வந்துச்சு. தமிழ் டப்பிங்கும் உண்டு. ஆனா, படம் புதுசு இல்ல. 1990-களோட ஆரம்பத்துல எடுத்தது. டைரக்டர் யூகோ சாகோ. 1983-ல அலகாபாத் பக்கம் நடந்த அகழாய்வு பத்தி டாக்குமென்டரி எடுக்க வந்த மனுஷன், ராமாயணத்துல அப்படியே விழுந்துட்டார். ஜப்பானிய மொழியில கிடைச்ச ராமாயணங்களைத் தேடித் தேடிப் படிச்சார். அவரோட கை கோத்தவர், இந்திய அனிமேஷனோட பிதாமகர் ராம் மோகன். வேட்டி எப்படி மடியும், பெரியவங்க முன்னாடி எப்படிக் கும்பிடணும்னு ஜப்பான் ஓவியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நம்ம ஆளுங்க.

ஜப்பான் படம்னா ஒரிஜினல் ஜப்பானிய மொழியில இருக்கும், அப்புறமா இங்கிலீஷ்ல டப் பண்ணுவாங்கனுதானே நினைப்போம்? இங்கே தலைகீழ். ஒரிஜினல் வசனமே இங்கிலீஷ்! அதுவும் லண்டன் இங்கிலீஷ் இல்ல... ராமருக்கு நிகில் கபூர், சீதைக்கு ரேயல் பதம்சினு நம்ம நாட்டுக் குரல்கள். பாட்டெல்லாம் சமஸ்கிருதம்.

அப்புறம் படம் அமெரிக்கா போச்சு. 'தி பிரின்ஸ் ஆஃப் லைட்'னு பேரை மாத்தி, இங்கிலீஷ் படத்துக்கே இன்னொரு இங்கிலீஷ் டப்பிங் போட்டாங்க! ராமருக்குக் குரல், பிரையன் க்ரான்ஸ்டன். ஆமா பாஸ், பின்னாடி 'பிரேக்கிங் பேட்'ல வால்டர் ஒயிட்டா மிரட்டினாரே, அவரேதான். கதை சொல்றது ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். 'ஸ்டார் வார்ஸ்'ல டார்த் வேடரோட குரல். கம்பீரம்தான், மறுக்கலை. அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்குப் பழகின உச்சரிப்புல கொடுத்தாங்க, வியாபாரம் அப்படி. அதுக்காக அமெரிக்கக் குரல்தான் கரெக்ட், நம்ம குரல் சுமார்னு யாராவது சொன்னா எனக்குச் சுர்ருனு ஏறும். முதல்ல பேசினது நாம சாமி!

டப்பிங்ல உச்சரிப்பைவிடப் பெரிய தலைவலி நேரம். கார்ட்டூன் வாய்க்குப் பெரும்பாலும் மூடினது, பாதி திறந்தது, முழுசா திறந்ததுனு சில வடிவங்கள்தான். அதனால எந்த மொழியும் அதுக்குள்ள உக்காந்துடும். ஆனா, வாய் மூடுறப்போ வசனமும் முடியணும். நீளமா இருந்தா வெட்டணும், பத்தலைனா ஒரு வார்த்தை சேர்க்கணும். எங்க நிறுத்தணும், எங்க மூச்சு வாங்கணும்னு தெரிஞ்சவர்தான் அங்க கில்லாடி. இன்டர்வியூக்கு நீங்க பழக வேண்டியதும் இதைத்தான். மூக்கால பேசுற ஆக்சென்ட்டை இல்ல.

இன்னொண்ணு தெரியுமா? ஜப்பான்காரங்க 'பஸ்'ஸை 'பசு'னுதான் சொல்லுவாங்க. முதல் எழுத்தை அழுத்திப் படிங்க, மாடு இல்ல! நாம என்ன சொல்றோம்? 'ஏல, பஸ்ஸு வந்துட்டு!' கடைசியில ஒரு 'உ' போடாம அவங்களுக்கும் நமக்கும் திருப்தி இல்ல. அதுக்காக டோக்கியோவுல யாரும் வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கலை.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வேலை. ஏதாவது ஒரு கார்ட்டூன்ல ரெண்டு நிமிஷ சீன் எடுங்க. சத்தத்தை மியூட் பண்ணுங்க. நீங்களே இங்கிலீஷ்ல வசனம் எழுதி, மூணு பேரா செல்போன்ல பேசிப் பதிவு பண்ணுங்க. வாய் மூடின அப்புறமும் யார் பேசிக்கிட்டு இருக்கான்னு போட்டுப் பாருங்க. ராமாயண சீனா எடுத்தா உஷார்... ராவணன் குரலுக்கு மட்டும் ஹாஸ்டல்ல அடிதடியே நடக்கும்!