நாளொரு சொல்

மேடையேறிச் சூளுரைக்கும் இளைஞர் பலர். மாலைதோறும் ஏட்டின்முன் அமர்வோர் மிகச் சிலரே. இம்மாவட்டத்து முறம்பில் ஆசிரியப்பணி தொடங்கிய மொழிஞாயிறு பாவாணர், 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்குநரானபோது அகவை 72. அதற்குமுன் நாற்பதாண்டுக்கு மேலாக அன்றாடம் சொல்சொல்லாய் வேராய்ந்ததே அவர்தம் கைம்முதல். 1981-இல் மறைந்தார், அகரமுதலியின் முதற்பகுதி 1985-இல் வந்தது, பணி முற்றியது 2011-இல்.

ஊர்ப்புறச் சொற்களையும் அவர் விட்டாரல்லர். காரியாபட்டிச் சிற்றூர்களிலோ கமலை நின்றதும் சால், வடம், வால்கயிறு என்பன முதியோர் நாவளவில் ஒடுங்கின. இளைஞர் இரவுணவுக்குமுன் ஒரு முதியவரிடம் ஒரு சொல் கேட்டு நாளிட்டு எழுதுக, ஆண்டுக்கு 365. (திருவிழாவன்றும் விடுப்பில்லை!) அடுத்த பொங்கலுக்குத் தொடங்கலாமென்பார் ஒன்றெண்ணுக: கமலையிறைத்தோர் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர்.