பாட்டும் பாட்டாளியும்

இசையின் வரலாறு அரண்மனையிலும் ஆலயத்திலுமே பிறந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் பலர். அவ்வெண்ணத்தை அசைக்க வல்லது ஜாஸ் இசையின் வரலாறு.

அமெரிக்கத் தென்பகுதிப் பருத்தி வயல்களில் அடிமைகளாக உழைத்த ஆபிரிக்க மக்கள், ஒருவர் பாட மற்றவர் மறுமொழி பாடித் துயரை ஆற்றினர். நியூ ஓர்லியன்ஸ் நகரின் கொங்கோ சதுக்கத்தில் ஞாயிறுதோறும் கூடி முரசு கொட்டி ஆடினர். அம்மரபின் வழியே 'புளூஸ்' என்னும் துயர்ப்பாட்டும், பின்னர் ஜாஸும் தோன்றின. 1917இல் ஜாஸ் இசைத்தட்டில் ஏறியது. அதன் பெருங்கலைஞர் டியூக் எலிங்டன் 1963இல் நம் இலங்கைக்கே வந்து வாசித்தார்.

இவ்வரலாற்றை இணையவழிப் பாடமாக ஹட்டன், நுவரெலியாத் தோட்டப் பாடசாலை மாணவருக்கும் கற்பிக்க வேண்டும் என்கிறோம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஜாஸ் எதற்கு என்று கேட்பார் உளர். பிறரினும் அப்பிள்ளைக்கே அது எளிதில் விளங்கும் என்பது நம் விடை.

விடியுமுன் தப்பு முழங்கப் பிரட்டுக் களத்துக்கு விரைந்தவர் அப்பிள்ளையின் முன்னோர். கொழுந்து கொய்கையிலும், தொட்டிலாட்டுகையிலும் பாடினர். கங்காணியை ஏசியும் பாடினர். காமன் கூத்து ஆடினர். அடிமைத்தனமும் கங்காணி முறையும் ஒன்றல்ல. அவ்வேற்றுமையை ஆசிரியர் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆயினும் உழைப்பவன் மூச்சே தாளமாகும் என்ற உண்மை இரண்டுக்கும் பொது அன்றோ?

ஜாஸுக்கு இசைத்தட்டு வாய்த்தது. நம் தோட்டப் பாடல்களுக்கு வாய்த்தவர் சிலரே. கோ. நடேசையருடன் தோட்டந்தோறும் சென்ற மீனாட்சி அம்மாள் பாட்டாலேயே தொழிலாளரை எழுப்பினார். சி. வி. வேலுப்பிள்ளை மக்கள் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். எனினும், ஏட்டில் ஏறுவது சொல்லே. மெட்டும் குரலும் பாடுவோருடனேயே மறையும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் கடல் கடந்த குடும்பங்களோடு எத்தனை பாட்டுகள் போயினவோ!

ஆதலின் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மாணவனுக்கு ஒரு வீட்டுவேலை தரப்படுக. லயத்து அப்பாயியிடமோ அம்மாயியிடமோ அமர்ந்து, ஒரு பாட்டைக் கைத்தொலைபேசியில் பதிந்துவரட்டும். பாடியவர் பெயரையும், தோட்டத்தையும், பாடிய வேளையையும் எழுதி வைக்கட்டும்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டுக்கு ஒரு தொலைபேசியும் இன்றி, 'சிக்னல்' தேடி மலையேறிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. ஆசிரியர் பாடத்தை முன்னரே இறக்கிவைத்து வகுப்பில் எல்லாரும் கேட்கச் செய்யலாம். பாட்டியின் குரலைப் பதியவோ 'சிக்னல்' வேண்டியதே இல்லை.

நியூ ஓர்லியன்ஸைப் பற்றிக் கற்ற மாணவன் தன் லயத்தின் வாயிலில் நின்று செவிசாய்ப்பானாயின், அதுவே அக்கல்வியின் பயன். பாட்டி இருக்கும்போதே அது நிகழ்ந்தாக வேண்டும்.