குடும்ப நலம்: முழங்கால் வலியும் பழைய நோயும்
ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் வீடுகளில் ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறோம். இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து வந்த முழங்கால் மறுநாளே வலிக்கத் தொடங்கும். மகன் தெருமுனை மருந்துக் கடைக்குச் சென்று, தமக்கு முன்பு குணமளித்த டைக்ளோஃபினாக் அட்டையொன்றை வாங்கி வருவார். சட்டப்படி அது டாக்டர் சீட்டின்றி விற்கத் தகாத மருந்து. ஆயினும் சீட்டைக் கேட்பவர் அரிது.

திருநெல்வேலியிலிருந்து டில்லிக்கு வந்திருந்த ஓர் அம்மையாருக்கும் இவ்வாறே மாத்திரை கொடுக்கப்பட்டது. வயது எழுபதை நெருங்குகிறது. நெடுநாளைய ரத்தக் கொதிப்பு. அதற்கு உட்கொண்டு வந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று நீர் பிரியச் செய்வது. பத்து நாளில் முழங்கால் வலி தணிந்தது, பாதம் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. பிரயாண அலுப்பென்றே வீட்டார் எண்ணினர். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருக்கக் கண்ட டாக்டர், "வேறென்ன மாத்திரை கொடுத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். வலி மாத்திரையை நிறுத்திய பின் அம்மையார் தேறினார். எல்லாரும் அவ்வாறு தேறுவதில்லை.

வலியையும் வீக்கத்தையும் வளர்க்கும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதை இம்மருந்து தடுக்கிறது. ஆனால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் ஓடச் செய்வதும், இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அப்பொருளே. திடகாத்திரமான இளைஞரின் சிறுநீரகம் சில நாள் சமாளித்துக்கொள்ளும். முதுமையாலோ நீரிழிவாலோ தளர்ந்த சிறுநீரகத்தால் அது இயலாமற் போகலாம். கொதிப்புக்கான சிலவகை மாத்திரைகளும் நீர் மாத்திரையும் உடன் சேர்ந்தால் ஆபத்து பெருகும். வயிற்றுப் புண் இருந்தவருக்கு ரத்தப்போக்கு நேரலாம். ஆஸ்துமாக்காரர் சிலருக்கு மூச்சுத் திணறும். மாரடைப்பு கண்டவருக்கு டைக்ளோஃபினாக் ஆகாது.

இம்மருந்து செலுத்தப்பட்ட கால்நடைகளின் பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மாண்டதும், 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தருவது நம் நாட்டில் தடுக்கப்பட்டதும் நேயர்கள் சிலருக்கு நினைவிருக்கும்.

பெரியவர்கள் புறப்படுமுன்பே பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹிந்தி தெரியாத தாயார், டாக்டர் கேட்பதற்கெல்லாம் தலையசைத்துவிட்டு வருவதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே நோய்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய தாளொன்றும் கையில் இருக்கட்டும். ஒன்று மறக்கலாகாது: இதைப் படித்துவிட்டுக் கொதிப்பு மாத்திரையைத் தாமாக எவரும் நிறுத்த வேண்டா. எதை நிறுத்துவதென்று டாக்டர் சொல்லட்டும்.